மூஞ்சி மூடின தூளி

ஒரு ஊர்ல ஒரு தூளி இருந்துச்சாம். என்ன சிரிக்கிற தேனு? ராஜா ராணிதான் இருக்கணுமா? அத்தை சொல்ற கதையில தூளிதான் மொதல்ல வரும். உத்தரத்துல கட்டி ஆட்டுற தூளி இல்ல. புள்ளைய நெஞ்சோட அணைச்சு, துணிய தோள்ல முடிஞ்சுக்கிட்டு அம்மா நடப்பாளே, அந்தத் தூளி. நீ ம் கொட்டிக்கிட்டே வரணும். ம் நின்னா கதையும் நின்னுடும். நடு வழியில நிக்கிறவங்க கதி என்னன்னு அப்புறம் என்னைக் கேக்கக் கூடாது.

"ம்."

அந்த ஊரு மலை மேல. எண்ணிப் பத்து வீடு. பத்தாவது வீட்டுல மங்காயின்னு ஒருத்தி. அவ புருஷன் தீர்த்தன் காப்பிக்கொட்டை பறிக்க வேற மலைக்குப் போயிட்டான். மாமியா இல்ல, மாமனா இல்ல. இருக்கறது அவளும், மூணு மாசத்து ஆம்பளப் புள்ளையும்தான். அதுவும் லேசுல பொறந்த புள்ளையா? ஏழு வருஷம். ஏழு வருஷம் கோயில் கோயிலா ஏறி எறங்கி, மரத்துக்கு மரம் தொட்டில் கட்டி, மண்ணுல சோறு போட்டு சாப்பிட்டு, அப்புறம் பொறந்த புள்ள. கழுத்து கூட இன்னும் நிக்கல. தலைய தூக்கும், தொபுக்குனு தோள்ல சாய்ச்சுக்கும்.

அப்போ ஒரு நாள் வீட்டுல உப்பு தீந்து போச்சு. வியாழக்கிழமை மலைக்குக் கீழ சந்தை. சாமை மூட்டைய தலையில வெச்சுக்கிட்டு எறங்கினாத்தான் உப்பு, எண்ணெய், தீப்பெட்டி. பாதை முழுக்கக் கல்லு, செங்குத்து எறக்கம். ஒரு கை மூட்டைய புடிக்கணும், ஒரு கை தடிய ஊனணும். புள்ளைய எந்தக் கையில தூக்குறது? மூணாவது கை யாருக்கு இருக்கு சொல்லு.

"யாருக்கும் இல்ல."

அதான். அதனால தூளி கட்டணும். மங்காயி பொறந்த ஊரு கீழ சமவெளி. அங்க வயலுக்குப் போனா வேப்பமரத்துல தூளி கட்டி விட்டுட்டு நாத்து நடுவாங்க. உடம்புல கட்டிக்கிட்டு நடக்குற பழக்கம் கெடையாது. அவளுக்கு ஒன்னும் தெரியாது. கேக்கவும் வெக்கம்.

அவ என்ன செஞ்சா, பொட்டிய தொறந்து கல்யாணப் பட்ட எடுத்தா. ஏழு வருஷம் கழிச்சுப் பொறந்த ராஜாவாச்சே, பட்டுல கட்டாம எதுல கட்டறதுன்னு அவளுக்கு நெனப்பு. கட்டிக்கிட்டு வீட்டுக்குள்ளயே நாலு நடை நடந்து பார்த்தா. ஒன்னு, ரெண்டு, மூணு. நல்லாத்தான் இருந்துச்சு. கீழ கெடந்த தடிய எடுக்கக் குனிஞ்சா பாரு, சர்ர்ர்ருனு ஒரு சத்தம். பட்டு வழுக்குது. முடிச்சு தானா நகருது. புள்ள பக்கவாட்டுல வழிஞ்சு எறங்குது. அவளுக்குக் கை ஓடல, கால் ஓடல. அப்பிடியே ரெண்டு காலையும் அகட்டிக்கிட்டு தரையில உக்காந்துட்டா. மடியில வந்து விழுந்துச்சு புள்ள. அரை அடி தள்ளி உக்காந்திருந்தான்னா அம்மிக்கல்லு.

"புள்ள அழுதுச்சா?"

அழல. கட்டை விரல வாயில வெச்சுக்கிச்சு. அப்புறம் மங்காயி பட்ட மடிச்சு பொட்டிக்குள்ள போட்டுட்டு, ஜமக்காளத்த எடுத்தா. தீர்த்தன் போன பொங்கலுக்கு வாங்கினது, கெட்டின்னா கெட்டி, நாலு பேர் இழுத்தாலும் கிழியாது. இது வழுக்காது பாருன்னு கட்டினா. வழுக்கல. ஆனா அது மடியவும் மாட்டேங்குது. முடிச்சு போட்டா ஒரு தேங்கா அளவுக்குத் தோள்ல துருத்திக்கிட்டு நிக்குது. இறுகவே இல்ல. இவ அது தெரியாம வெளிய வந்தா. களத்துமேட்டுல சாமைத் தாளு குமிச்சு வெச்சிருந்தாங்க. அது பக்கமா போறா, படக். முடிச்சு கழண்டுக்கிச்சு. புள்ள பொத்துனு தாளு மேல விழுந்துச்சு. விழுந்து, வானத்தைப் பார்த்துக்கிட்டுக் கெடந்துச்சு. அழுதது மங்காயிதான். ஊரே கேக்கற மாதிரி ஓன்னு அழுதா.

ரெண்டு தடவை ஆச்சா. அதுவும் சந்தைக்குக் கெளம்பறதுக்கு முன்னாடியே.

அப்போ சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு குப்பாயி ஓடியாந்தா. குப்பாயின்னா அஞ்சு புள்ளைய பெத்து, அஞ்சையும் நெஞ்சுல கட்டிக்கிட்டே மலை ஏறி எறங்கினவ. வாயும் அப்பிடி, கையும் அப்பிடி. "ஏண்டி, புள்ளைய கட்டறியா, மாட்டைக் கட்டறியா? ஜமக்காளத்துல எவளாச்சும் புள்ள கட்டுவாளா?"னு கேட்டுட்டு, தன் வீட்டுக்குள்ள போயி ஒரு பழைய நூல் பொடவை கொண்டாந்தா. தோய்ச்சுத் தோய்ச்சு பூ மாதிரி ஆன பொடவை. பொறந்த புள்ளைக்கு மொதல்ல பழந்துணிதானே சுத்துவோம்? புதுத்துணி மேலுக்கு ஆகாதுன்னு. அதே கணக்குதான் இதுக்கும்.

அப்புறம் குப்பாயி அந்தப் பொடவைய சூரியனுக்கு எதிர விரிச்சுப் புடிச்சா. "ஓட்டை இருந்தா நட்சத்திரம் மாதிரி தெரியும், பாத்துக்க." ஒன்னும் தெரியல. "இந்த முனைய நீ புடி, அந்த முனைய நான் புடிக்கறேன், இழு. டர்ருன்னா துணிய தூக்கிப் போடு. டம்முன்னா நம்பு." ரெண்டு பேரும் இழுத்தாங்க. டம். மறுபடி இழுத்தாங்க. டம்.

"டம்."

ம், டம்தான். அப்புறம் கட்டிக் காமிச்சா. துணிய கயிறு மாதிரி முறுக்கக் கூடாது, தோள் முழுக்க விரிச்சு விடணும். முடிச்சு கழுத்துல உக்காரக் கூடாது, தோள்ல உக்காரணும். புள்ளையோட குண்டி துணிக்குள்ள பள்ளமா உக்காரணும், முட்டி ரெண்டும் குண்டிய விட ஒசரமா, தவளை குந்தற மாதிரி. பாதம் வெளிய தொங்கணும். "இப்பக் குனி. உச்சந்தலைக்கு முத்தம் எட்டுதா? எட்டினா கட்டு சரி. எட்டலைன்னா தூளி எறங்கிப் போச்சுன்னு அர்த்தம்"னா. மங்காயி குனிஞ்சா. ப்ச். எட்டுச்சு.

பாரு, இத்தனையும் குப்பாயி சொன்னது தங்கம். ஒரு சொல் தப்பில்ல. இதோட வாய மூடிக்கிட்டு வீட்டுக்குப் போயிருந்தான்னா அவ காலுல நான் விழுவேன். அவ போகல.

"மங்கா, ஏழு வருஷத்துப் புள்ள. ஊர்க்கண்ணு அத்தனையும் இது மேலதான். மூஞ்சிய மூடிடு. ஒருத்தருக்கும் காட்டாத. நீயும் பார்க்காத. பெத்தவ கண்ணுதான் மொதல்ல படும். தூங்குற புள்ளைய தாய் உத்துப் பார்த்தா புள்ள எளைச்சுப் போயிடும். கீழ சந்தையில சடைச்சி இருப்பா, மறந்துடாத."னு சொல்லி, முந்தானைய எடுத்துப் புள்ள தலைக்கு மேல போட்டு, ஓரத்த உள்ள சொருகிட்டா. புள்ள மூஞ்சி காணாமப் போச்சு. கன்னத்துல ஒரு திருஷ்டிப் பொட்டு வெச்சிருந்தா, அதுவும் காணாமப் போச்சு.

"சடைச்சி யாரு?"

அவ சந்தை ஓரத்துல வெளக்குமாறு விக்கிறவ. தனியா இருக்கறவ. அவ கண்ணு கொள்ளிக்கண்ணுன்னு எட்டு ஊர்ல பேச்சு. ஒரு தடவை ஒருத்தர் தோட்டத்துப் பூசணியப் பார்த்து "எவ்ளோ பெருசா காச்சிருக்கு"ன்னாளாம். மறுநாள் மழை கொட்டி அந்தக் கொடி அழுகிப் போச்சாம். மழை பெஞ்சா கொடி அழுகாதா? அதைக் கேக்க ஆள் இல்ல. இன்னொருத்தர் வீட்டு மாடு மடி சுருங்கினதுக்கும் அவ கண்ணுதான் காரணம்னுட்டாங்க. அவ வந்தா புள்ளைய தூக்கிக்கிட்டு உள்ள ஓடுவாங்க, கதவ சாத்துவாங்க. பத்து வருஷம் இப்பிடியே பார்த்துப் பார்த்து, அவ நிமிந்து நடக்கறதையே விட்டுட்டா. தரைய பார்த்துத்தான் வருவா, தரைய பார்த்துத்தான் போவா. யாராச்சும் பேசினாக் கூட அவங்க காலைப் பார்த்துத்தான் பதில் சொல்லுவா. கேக்கறியா? தூங்கிட்டியா?

"ம். கேக்கறேன்."

அப்போ மங்காயி கெளம்பிட்டா. தலையில மூட்டை, கையில தடி, நெஞ்சுல தூளி. தட், தட், தட்டுனு தடிய ஊனிக்கிட்டு எறங்கறா. வெயில் ஏறுது. கொஞ்ச தூரம் போனதும் ஒரு சுனை. அங்க ஆடு மேய்க்கிற ஒரு தாத்தா தண்ணி குடிச்சிக்கிட்டு இருந்தாரு. "என்ன தாயி, புள்ளையா? சத்தத்தையே காணோம்?"ன்னாரு. "தூங்குதுங்க"ன்னா. "சமத்துப் புள்ள"ன்னாரு. மங்காயிக்கு அய்யய்யோ, கண்ணு வெச்சுட்டாரேன்னு ஆயிடுச்சு. முந்தானைய இன்னும் கொஞ்சம் இழுத்து சொருகினா. அப்போ உள்ள புள்ள காலால ஒரு உதை உதைச்சுச்சு. தூக்கத்துல உதைக்குதுன்னு நெனச்சுக்கிட்டா.

"பார்க்கலையா?"

பார்க்கல. பெத்தவ கண்ணு படுமே. அப்புறம் இன்னும் எறங்கறா. பாதி மலையில வெறகு தூக்கிக்கிட்டு மூணு பொம்பளைங்க. "ஏழு வருஷத்துப் புள்ளையாமே, எட்டிப் பார்க்கட்டா?"ன்னு ஒருத்தி கிட்ட வந்தா. மங்காயி படக்குனு திரும்பிக்கிட்டா. இன்னொரு மடிப்பு இழுத்து மேல போட்டா. உள்ள இருந்து க்ஹும், க்ஹும்னு ஒரு சத்தம், நாய்க்குட்டி மோந்து பார்க்குற மாதிரி. "பாரு, கொறட்டை விடறான். அப்பனை மாதிரி"னு சொல்லி அந்தப் பொம்பளைங்க சிரிச்சாங்க. மங்காயியும் சிரிச்சா. எனக்குச் சிரிப்பு வரல தேனு. அது கொறட்டை இல்ல.

"அத்தை, அவள பார்க்கச் சொல்லு."

நான் சொல்லிக்கிட்டுத்தான் இருக்கேன் கண்ணு. அவ காதுல விழல. கழுத்து நிக்காத புள்ளைய அத்தனை துணிய போட்டு அமுக்கினா என்ன ஆகும்? தலை முன்னால மடிஞ்சு, தாடை நெஞ்சுல ஒட்டிக்கிச்சு. மூச்சு போற வழி சின்ன சந்தா ஆயிடுச்சு. மேல துணி, உள்ள வெக்கை. பாவி மக, ஒரே ஒரு தடவை அந்த ஓரத்த தூக்கிப் பார்த்திருந்தா போதும். பக்கத்துல, ஒரு முத்தம் எட்டுற தூரத்துல புள்ள இருக்கு. பார்க்கக் கூடாதுன்னு மூஞ்சிய வேற பக்கம் திருப்பிக்கிட்டு நடக்குறா.

சந்தைக்குள்ள நுழையற எடத்துல காளி கோயில். பூசாரி வாசல்லயே உக்காந்திருந்தாரு. "ஏம்மா, இம்புட்டு எரைச்சல்லயும் உன் புள்ள முழிக்கலையே. இப்பிடி அமைதியான புள்ள கெடைக்க வரம் வாங்கி வந்திருக்கணும்"னு சொல்லி, திருநீற எடுத்து அந்த மூடின துணி மேலயே பூசி விட்டாரு. மங்காயிக்குச் சந்தோஷம். பெருமை. சந்தைக்குள்ள நிமிந்து நடக்குறா. இப்போ உள்ள இருந்து உதையும் இல்ல. க்ஹும்மும் இல்ல. ஒன்னும் இல்ல.

சரி சரி, எழுந்து உக்காராத. படு. அத்தை கைய புடிச்சுக்க. படு, சொல்றேன்.

சந்தைல பாத்திரக்கடை, கருவாட்டுக்கடை, வளையக்கடை, எல்லாம் தாண்டி உப்புக்கடைக்குப் போற வழியில, ஓரமா, சடைச்சி உக்காந்து கத்தியால ஈர்க்க சீவிக் கட்டிக்கிட்டு இருந்தா. தலை குனிஞ்சிருக்கு. அவ கண்ணு முன்னால காலுங்கதான் போகும், வரும். செருப்புக் கால், வெறுங்கால், கொலுசுக் கால், மாட்டுக் கால். எல்லாத்தையும் பார்ப்பா, ஒருத்தர் மூஞ்சியும் பார்க்க மாட்டா. அப்போ மங்காயி அந்தப் பக்கம் வந்தா. சடைச்சி உக்காந்திருக்கறத கவனிக்கல. தலை மூட்டைய எறக்கி வெக்கலாம்னு அவ பக்கத்துலயே லேசா குந்தினா. குந்தினதும் தூளிக்கு வெளிய தொங்கிக்கிட்டு இருந்த ரெண்டு சின்னப் பாதமும் சடைச்சி கண்ணு முன்னால வந்துச்சு.

சடைச்சி கையில இருந்த ஈர்க்கு அப்பிடியே கீழ விழுந்துச்சு.

அந்தப் பாதம் செவப்பா இல்ல. நாவப்பழத் தண்ணி தொட்ட மாதிரி நெறம். வெரலு ஒன்னு கூட அசையல.

"தாயி. புள்ளைய பாரு"ன்னா சடைச்சி. மெதுவாத்தான் சொன்னா. பத்து வருஷமா சத்தமா பேசாத தொண்டை அது. மங்காயி திரும்பினா. பார்த்தா, சடைச்சி. அந்தக் கொள்ளிக்கண்ணு. அவளோட புள்ளையையே பார்த்துக்கிட்டு இருக்கு. மங்காயி துள்ளி எழுந்தா. மூட்டைய தொப்புனு போட்டா, தடிய போட்டா, தூளிய ரெண்டு கையாலயும் அமுக்கிக்கிட்டு எடுத்தா ஓட்டம்.

"அய்யோ. ஏன் ஓடறா?"

ஓடறாளே. கடவுளே, காப்பாத்த வந்தவள விட்டுட்டு ஓடறா. இன்னும் இறுக்கி அமுக்கிக்கிட்டு ஓடறா. "புள்ளைய பாரு தாயி, மூஞ்சிய தொற"ன்னு சடைச்சி பின்னாலயே ஓடறா. பத்து வருஷத்துல அன்னிக்குத்தான் சடைச்சி தலை நிமிந்து ஓடினா. ஜனங்க பார்த்தாங்க. என்ன தெரிஞ்சுது அவங்களுக்கு? கண்ணுக்காரி ஒருத்தி, கையில ஈர்க்கு சீவற கத்தியோட, பச்சைப் புள்ளக்காரிய தொரத்துறா. அவ்ளோதான் தெரிஞ்சுது. "புடி, புடி அவள"ன்னு ஊரே எழுந்துடுச்சு.

வளையக்கடை ஓரத்துல கயிறு தடுக்கி மங்காயி முட்டி போட்டு விழுந்தா. சடைச்சி வந்து முடிச்ச புடிச்சா. முடிச்சு அவுரல. டம்முனு நம்பிக் கட்டின முடிச்சாச்சே. அப்போ சடைச்சி கத்திய எடுத்தா.

சந்தையே அலறிடுச்சு. மங்காயி "கொல்லாத"ன்னு கத்துறா. ஒரு ஆளு சடைச்சி முதுகுல ஓங்கி ஒரு குத்து விட்டான். இன்னொருத்தன் மயித்தப் புடிச்சு இழுக்கறான். அவ விடல. துணிக்கும் தோளுக்கும் நடுவுல வெரல விட்டு, கத்திய நுழைச்சு, ஒரே இழுப்பு. டர்ர்ர். பொடவை ரெண்டாப் போச்சு. புள்ள அவ கையில வந்துச்சு.

அப்பத்தான் எல்லாரும் பார்த்தாங்க. குத்தின ஆளும் பார்த்தான். மங்காயியும் அப்பத்தான் பார்த்தா, காலையில இருந்து மொத தடவையா. புள்ளையோட ஒதடு கறுத்து, கண்ணு மூடி, துணி மாதிரி தொவண்டு கெடக்குது. மயித்தப் புடிச்சவன் கைய எடுத்தான்.

தேனு, கைய விடாத.

"ம்."

சடைச்சி யாரையும் பார்க்கல. புள்ளைய முன்னங்கையில குப்புறப் போட்டு முதுக தேய்ச்சா. சூடு பறக்கத் தேய்ச்சா. ஒன்னும் இல்ல. திருப்பிப் போட்டு, உள்ளங்கால சுண்டினா. டக், டக், டக். ஒன்னும் இல்ல. அப்புறம் புள்ளைய தரையில மல்லாக்கப் படுக்க வெச்சு, தாடைய லேசா மேல தூக்கி, அந்தச் சின்ன வாயையும் மூக்கையும் தன் வாயால மூடி, ஊதினா. ரொம்ப மெதுவா, அகல் அணையாத அளவுக்கு ஊதினா. ஒரு தரம். ரெண்டு தரம். மங்காயி மண்ணுல நெத்திய முட்டிக்கிட்டு இருக்கா. மூணாவது தரம் ஊதினா. நெஞ்சு எழும்புச்சு. ஒதடு துடிச்சுச்சு.

"ங்."

அவ்ளோதான் மொதல்ல. அப்புறம், "ங்ஞா". அப்புறம் பாரு, ங்ஞா ங்ஞான்னு சந்தை முழுக்கக் கேக்குது. அந்தச் சமத்துப் புள்ள, அமைதியான புள்ள, கத்துற கத்துல காளி கோயில் பூசாரி எழுந்து ஓடியாறாரு. ஒதடு செவந்துச்சு. கால் செவந்துச்சு. பத்து வெரலும் விரிஞ்சு சுருங்குச்சு.

"உயிரோட இருக்கா?"

இருக்கு கண்ணு. உயிரோட இருக்கு. மூச்சு விடு, நீயும் அடக்கிக்கிட்டு இருக்க பாரு.

சடைச்சி புள்ளைய மங்காயி மடியில வெச்சா. எழுந்தா. ஜனங்க ஓடி மிதிச்சதுல அவ வெளக்குமாறு எல்லாம் அவுந்து கெடந்துச்சு. குனிஞ்சு ஒன்னொன்னா பொறுக்கினா. குத்தின ஆளு அங்கதான் நிக்கிறான், ஒரு வார்த்தை சொல்லல. சொல்லாதது மட்டுமா? ஒருத்தி மெதுவா, "என்ன இருந்தாலும் கத்திய எடுத்தது தப்புதான்"னா. எனக்கு வர்ற ஆத்திரத்துக்கு அந்தக் கதைக்குள்ளயே போயி நாலு வாங்கு வாங்கிட்டு வரணும் போல இருக்கு. சடைச்சி காதுல வாங்கல. பொறுக்கிக்கிட்டு, தரைய பார்த்துக்கிட்டு போயிட்டா.

அடுத்த வியாழக்கிழமை மங்காயி மறுபடி எறங்கினா. வெட்டுப்பட்ட பொடவை கட்டறதுக்கு நீளம் பத்தல. குப்பாயி இன்னொரு பழம்பொடவை குடுத்தா, வாயே தொறக்கல. மங்காயியே சூரியனுக்கு எதிர புடிச்சா, இழுத்துப் பார்த்தா, தோள் முழுக்க விரிச்சுக் கட்டினா. முந்தானைய எடுத்துத் தன் இடுப்புலயே சொருகிக்கிட்டா. புள்ளையோட மூஞ்சி பக்கவாட்டுல திரும்பி, மூக்கு, வாயி எல்லாம் வெளிய. பத்து அடிக்கு ஒரு தரம் நிப்பா, குனிஞ்சு பார்ப்பா, மூச்சு கன்னத்துல படுதான்னு பார்ப்பா, அப்புறம் நடப்பா. வெறகுக்காரிங்க பார்த்தாங்க. ஆட்டுக்கார தாத்தா பார்த்தாரு. எல்லாரும் பார்க்கட்டும்னு போனா.

நேரா சடைச்சிகிட்ட போயி நின்னா. சடைச்சி அவ காலப் பார்த்தா. யாருன்னு தெரிஞ்சுக்கிட்டா. நிமிரல.

"அக்கா, புள்ளைய பாருங்க"ன்னா மங்காயி.

"வேணாம் தாயி. ஊரு பார்க்குது."

"பார்க்கட்டும். அக்கா, அன்னிக்கு நான் மூஞ்சிய முழுசா மூடியிருந்தேன். வெறும் காலப் பார்த்து உங்களுக்கு எப்பிடித் தெரிஞ்சுது?"

சடைச்சி கையில இருந்த ஈர்க்க கீழ வெச்சா. அப்புறம் சொன்னா. "எனக்கும் ஒன்னு இருந்துச்சு தாயி. ரெண்டு மாசம். உன் கண்ணு ஆகாது, பெத்த புள்ளையா இருந்தாலும் பார்க்காதன்னு எல்லாரும் சொன்னாங்க. நானும் நம்பிட்டேன். துணிய போட்டு மூடிக்கிட்டு இதே சந்தைக்கு எறங்கினேன். மூஞ்சிய பார்க்கக் கூடாதில்ல, அதனால கீழ தொங்குற கால மட்டும் பார்த்துக்கிட்டே நடந்தேன். செவப்பா இருந்துச்சு. அப்புறம் அந்த நெறம் ஆச்சு. வெயிலுக்குக் கறுத்துப் போச்சுன்னு நெனச்சுக்கிட்டேன்."

அந்தக் கால் அப்புறம் செவக்கவே இல்ல.

தேனு, இதை உன்கிட்ட சொல்லலாமா கூடாதான்னு எனக்குத் தெரியல. எனக்கு இந்தக் கதைய சொன்னவங்க இந்த எடத்துல எழுந்து தண்ணி குடிக்கப் போயிட்டாங்க. நான் போகல. சொல்லி முடிச்சுடறேன்.

மங்காயி அழல. அழுதா சடைச்சி எழுந்து போயிடுவான்னு தெரியும். அவ முன்னால மண்ணுல சம்மணம் போட்டு உக்காந்தா. நிமிர மாட்டேன்னு தானே இருக்க, சரி, நான் கீழ வரேன்னு. உக்காந்தும் எட்டல. இன்னும் குனிஞ்சா. சடைச்சி கண்ணு எந்தத் தரைய பார்த்துச்சோ அதுக்கும் அவளுக்கும் நடுவுல புள்ளையோட மூஞ்சிய கொண்டாந்து வெச்சா.

இப்போ சடைச்சி எங்க பார்ப்பா? கண்ண மூடிப் பார்த்தா. ரொம்ப நேரம் மூட முடியல. தொறந்தா. புள்ள கண்ணு கொட்டாம அவளையே பார்த்துக்கிட்டு இருந்துச்சு. அதுக்கு என்ன தெரியும், கொள்ளிக்கண்ணாவது நல்ல கண்ணாவது.

"அழகா இருக்கான்"னா சடைச்சி.

சுத்தி நின்ன அத்தனை பேரும் மூச்சப் புடிச்சுக்கிட்டாங்க. மங்காயி மண்ணெடுத்துச் சுத்திப் போடல. தூ தூன்னு துப்பல. "இன்னும் நல்லா பாருங்க அக்கா"ன்னா.

பார்த்துக்கிட்டே இருந்தா. புள்ளைக்கு ஒன்னும் ஆகல. அன்னிக்கும் ஆகல, மறுநாளும் ஆகல.

"ம்..."

ம் சின்னதாயிடுச்சு. சரி. கதை எறங்க வேண்டிய எடத்துல எறங்கிடுச்சு, நீயும் எறங்கு. போர்வைய மூஞ்சி வரைக்கும் இழுக்காத, கழுத்தோட நிறுத்து. கண்ண மட்டும் மூடிக்க. தூங்குற புள்ளைய பார்க்கக் கூடாதுன்னு யாராச்சும் சொன்னா சொல்லிட்டுப் போறாங்க. அத்தை இங்கயே உக்காந்து உன்னைப் பார்த்துக்கிட்டுத்தான் இருப்பேன்.